குட்டிச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்: 'செட்' படித்த அனுபவம்

பட்டதாரிகளுக்கான மத்திய அரசு வேலைத் தேர்வான எஸ்எஸ்சி சிஜிஎல்லின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள், ஒரு மணி நேரம். அதில் 25 கேள்விகள் ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தப்பினால் அரை மதிப்பெண் போய்விடும். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் அகராதியில் தேடவேண்டிய நீளமான சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆளைக் கவிழ்ப்பவை கெட், டேக், ரன், புட், செட் மாதிரி குட்டிச் சொற்கள். செட்டை மட்டும் எடுத்து, நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். மற்றதையும் அதே வழியில் படிக்கலாம்.

1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமாக விளக்கப்பட்ட சொல் இதுதான். வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள். அவ்வளவையும் மனப்பாடம் செய்யப் போனால் வயதுவரம்பு தாண்டிவிடும்!

நல்லவேளை, நம் வடசென்னைக்கு இந்தச் சொல் புதிதில்லை. உலக சாம்பியன் மரிய இருதயம் காலத்திலிருந்து, 2024 உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிய புது வண்ணாரப்பேட்டை காசிமா வரைக்கும் கேரம் நம் ஏரியா ஆட்டம். 'முதல் செட் போச்சு' என்றால் 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு முடிந்தது என்று சின்னப் பையனுக்கும் தெரியும். கொத்தனார் 'சிமென்ட் செட் ஆகட்டும்' என்கிறார். திருவிழாவுக்கு மைக் செட் வருகிறது. இதெல்லாம் ஆங்கிலத்திலும் செல்லும். ஆனால் 'இந்த வேலை எனக்கு செட் ஆவாது' என்கிறோமே, அது முழுக்க நம் சொத்து. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'சூட்' வரவேண்டும். விடைகளில் செட், சூட் இரண்டும் இருந்தால், நாக்குப் பழக்கத்தில் செட்டைத் தொட்டுவிடாதீர்கள்.

அப்புறம், செட்டுக்குப் பின்னால் இன், ஆஃப், அப் என்று ஒட்டி வரும் வால். கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைகளில் விற்கும் கைடுகளில் இவற்றை அகர வரிசையில் அடுக்கி, எதிரே ஒற்றைச் சொல்லில் அர்த்தம் போட்டிருப்பார்கள். அது எனக்கு உதவவே இல்லை. செய்தித்தாளில் வந்த முழு வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி வைத்ததுதான் நின்றது.

அக்டோபர் 20-ஐ ஒட்டி, வடகிழக்குப் பருவமழை 'ஹாஸ் செட் இன்' என்று செய்தி வரும். வந்து உட்கார்ந்துவிட்டது, லேசில் போகாது என்று பொருள். மழை, குளிர், புண்ணில் சீழ், மனச்சோர்வு எல்லாம் 'செட் இன்' ஆகும். இதற்குப் பின்னால் செயப்படுபொருள் வராது. பாரிமுனை உயர் நீதிமன்றச் செய்தியில் ஓர் உத்தரவை 'செட் அசைடு' செய்தார்கள் என்றால் ரத்து செய்தார்கள் என்று அர்த்தம். அதே தொடர் பணத்தோடு வந்தால், ஒரு செலவுக்கென்று தனியாக எடுத்து வைப்பது. வால் ஒன்றுதான், பக்கத்தில் நிற்கிற சொல் பொருளை மாற்றிவிடுகிறது. 'செட் ஆஃப்' இன்னும் குறும்பு: ஊருக்குக் கிளம்புவதும் அதுதான், பட்டாசு வெடிப்பதும் அதுதான், அலாரத்தை அலற விடுவதும் அதுதான்.

ஒரு காரியத்தில் இறங்குவதைச் சொல்ல இரண்டு தொடர்கள் உண்டு. 'செட் அபௌட்' வந்தால் அடுத்த வினை 'இங்' போட்டு வரும்: செட் அபௌட் கிளீனிங். 'செட் அவுட்' வந்தால் 'டு' வரும்: செட் அவுட் டு கிளீன். பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இடம் இது.

இலக்கணத்தில் இரண்டு விஷயம் போதும். இந்த வினை மூன்று காலத்திலும் 'செட்' தான். 'செட்டட்' என்று எங்கே கண்டாலும் பிழை. 'ஷி செட் தி அலாரம்' என்று இருந்தால் அது இறந்தகாலம், ஏனென்றால் நிகழ்காலமாக இருந்தால் 'செட்ஸ்' என்று எஸ் ஒட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, 'எ செட் ஆஃப் ரூல்ஸ்' என்பதில் விதிகள் பல. ஆனால் தொகுப்பு ஒன்று, அதனால் தேர்வில் ஒருமை வினைதான் பாதுகாப்பு.

வழிகாட்ட ஆள் வேண்டும் என்றால், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் தமிழக அரசு போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாத பயிற்சி மையம் நடத்துகிறது. கல்லூரிப் பெயரிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடுங்கள்.

தேர்வறையில் செட்டுக்குப் பின்னால் கோடிட்ட இடம் வந்தால், விடைகளைப் பார்ப்பதற்கு முன் கோட்டுக்கு வலது பக்கம் பாருங்கள். அங்கே ஒன்றுமில்லாமல் வாக்கியம் முடிந்து, எழுவாய் மழையோ நோயோ என்றால் 'இன்'. 'டு' இருந்தால் 'அவுட்', 'இங்' இருந்தால் 'அபௌட்'. கடை, கமிட்டி, கம்பெனி என்று புதிதாக ஒன்று இருந்தால் 'அப்'. இதில் எதிலும் அடங்காவிட்டால் அரை மதிப்பெண்ணைப் பணயம் வைக்காமல் அடுத்த கேள்விக்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.