ஒரு போர்வையப் பாக்க வெர்மான்ட் வரைக்கும்

போன அக்டோபர்ல நியூ ஜெர்சில தம்பி வீட்டுக்குப் போயிருந்தப்போ எல்லாரும் நயாகரா போயிட்டு வாங்கன்னுதான் சொன்னாங்க, நான் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். காரணம் ஒரே ஒரு போர்வை. அங்க பென்னிங்டன் மியூசியத்துல இருக்கற ஜேன் ஸ்டிக்கிள் க்வில்ட். க்வில்ட்னா சின்னச் சின்ன துணித்துண்டா சேத்து தைச்ச போர்வை, ஜேன் ஸ்டிக்கிள் அத தைச்சவங்க. வருஷத்துல இலையுதிர் காலத்துல சில வாரம் மட்டும்தான் அத வெளிய எடுத்து மாட்டுவாங்க, மீதி நாளெல்லாம் உள்ளதான், ஏன்னா வெளிச்சம் பட்டுட்டே இருந்தா பழைய சாயம் வெளுத்துரும், துணியும் இத்துப்போயிடும்.

நான் ஈரோட்டுல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியோட பிரிண்ட் டிசைன் செக்‌ஷன்ல பதினாலு வருஷமா இருக்கேன். அமெரிக்காவுல க்வில்ட் தைக்கறவங்களுக்கு பழைய காலத்து துணி மாதிரியே புதுசா அச்சடிச்சு விக்கறத ரீப்ரொடக்‌ஷன்னு சொல்வாங்க, அதுக்குன்னே பெரிய கூட்டம் இருக்கு, பார்பரா பிராக்மன் மாதிரி க்வில்ட் வரலாறு எழுதறவங்களே மோடாங்கற துணிக் கம்பெனிக்கு டிசைன் பண்ணிக் குடுத்திருக்காங்க. எங்களுக்கும் அப்பப்போ அந்த மாதிரி ஆர்டர் வரும். ஒரு தடவ ஒரு பையர் அனுப்புன க்வில்ட் போட்டோவுல இருந்த காக்கி கலர அப்படியே மேட்ச் பண்ணி நான் ஸ்ட்ரைக்-ஆஃப், அதாவது அச்சடிச்ச சாம்பிள் துணி, அனுப்புனேன். மூணு வாரம் கழிச்சு திரும்பி வந்துச்சு. இது காக்கி இல்ல, பச்சை, 100 வருஷத்துக்கு மேல ஆனதுல வெளுத்திருக்குன்னு ஒரு வரி. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு. போட்டோவ வச்சே வரைஞ்சிட்டு இருக்கோம், நிஜ துணிய ஒரு தடவ கூட கையில எடுத்துப் பாத்ததில்லையேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குச்சு. இந்தப் பயணத்துக்கு அதுதான் வேரு.

காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டோம். I-87 நெடுஞ்சாலைல வடக்கால ஆல்பனி வரைக்கும் போயி, ட்ராய் தாண்டி வெர்மான்ட்டுக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் மேப்பிள் மரம், செவப்பும் ஆரஞ்சுமா. தம்பி ரெண்டு எடத்துல வண்டிய நிறுத்தி போட்டோ எடுத்தான், எனக்கு இருப்புக் கொள்ளல.

மியூசியத்துக்குள்ள அந்த ரூம்ல வெளிச்சம் ரொம்ப கம்மி. கண்ணு பழகறதுக்கே ஒரு நிமிஷம் ஆச்சு. பழகுனதுக்கு அப்புறம் நகர முடியல. மேலிருந்து கீழ பதிமூணு, பக்கவாட்டுல பதிமூணுன்னு 169 கட்டம், ஒவ்வொண்ணும் நாலரை இஞ்ச்தான், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது. சுத்தி முக்கோண முக்கோணமா பார்டர், அதுக்கு வெளிய ஓரமெல்லாம் அலை அலையா வளைச்சு முடிச்சிருக்காங்க. மூலையில அவங்க போட்டு வச்சிருக்கறது இவ்வளவுதான்: போர்க்காலத்தில், 1863, துண்டுகள் 5602, ஜேன் ஏ. ஸ்டிக்கிள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்த சமயம். பென்னிங்டனுக்குப் பக்கத்துல ஷாஃப்ட்ஸ்பரில இருந்தவங்க, 1817ல பிறந்தவங்க, அப்படின்னா இத முடிக்கறப்போ நாப்பத்தாறு வயசு ஆகியிருக்கும். என் வயசுக்கு ரெண்டு கூட. விரல் நகம் அளவு துண்டக் கூட வீணாக்காம ஊசியில சேத்திருக்காங்க.

தம்பி கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அக்கா, இது நம்ம அம்மாயி பழம்புடவையில ஒட்டுப்போட்டு தைக்குமே, அது மாதிரிதானே?"ன்னான். ஆமாடான்னேன். ஆனா அம்மாயி தைச்சது ஒண்ணு கூட இன்னைக்கு வீட்டுல இல்ல, வண்டி தொடைக்கப் போயிருச்சு, அத நெனச்சா இப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு.

எனக்கு ஏன் ஒட்டுத்துணி க்வில்ட் மேல இவ்வளவு ஆசைன்னா, முழுசு முழுசா துணி வச்சு தைச்ச ஆடம்பர போர்வையில ரெண்டு மூணு பிரிண்ட்தான் கிடைக்கும். ஒட்டுத்துணியில நூத்துக்கணக்குல கிடைக்கும், அதுவும் கவுனு தைச்ச மிச்சம், சட்டைக் கிழிசல், ஏப்ரன்னு அன்னாட வாழ்க்கையில ஓடுன சாதாரண துணி. அந்த மாதிரி மலிவு துணிய யாரும் பெட்டியில வச்சு பத்திரப்படுத்தல, போர்வைக்குள்ள தப்பிச்சதுதான் நமக்கு மிஞ்சியிருக்கு.

மத்தியானம் சாப்பிட்டுட்டு பக்கத்துல ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம். மூங்கில் கூடை ஒண்ணுல போர்வையா தைச்சு முடிக்காத பிளாக்குங்க, அதாவது தனித்தனி கட்டங்க, கெடந்துச்சு, நைன் பேட்ச்சுன்னு சொல்ற ஒம்போது சதுரம் வச்சது, மொத்தம் பன்னெண்டு. விலை 36 டாலர். கடைக்கார அம்மா நாற்காலி போட்டுக் குடுத்து நிதானமா பாருங்கன்னுட்டாங்க. ரோஸ் மேல ரோஸா அச்சடிச்ச டபுள் பிங்க், வெள்ளைத் துணியில கருப்புல பொடிப்பொடியா குதிரைலாடம் போட்ட ஷர்ட்டிங்குங்கற சட்டைத்துணி, மஞ்சளும் இல்லாம ஆரஞ்சும் இல்லாம கண்ணப் பறிக்கற குரோம் ஆரஞ்சு, இதெல்லாம் வச்சுப் பாத்தா 1880, 90 வாக்குல இருக்கும்னு தோணுச்சு.

ஒரு பிளாக்க எடுத்து திருப்பிப் பாத்தேன். முன்பக்கம் காக்கியா இருந்த சதுரம் ஒண்ணு, பின்னாடி தையலுக்கு விட்ட கால் இஞ்ச் மடிப்ப நகத்தால மெதுவா விரிச்சா உள்ள பச்சை. நல்ல வேப்பிலைப் பச்சை! வெளிச்சமே படாம மடிப்புக்குள்ள அப்படியே இருக்கு. அந்தக் காலத்துல புதுசா வந்த செயற்கைப் பச்சை சாயம் பலதும் நிக்காது, ஓடிரும், அதுதான் காக்கி ஆயிருச்சு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, தம்பி என்னாச்சுக்கான்னு பதறிட்டான். அன்னைல இருந்து என் முடிவு இதுதான், ரீப்ரொடக்‌ஷன் பண்றதா இருந்தா மடிப்புக்குள்ள இருக்கற கலரதான் எடுக்கணும். வெளுத்த கலர் அழகாதான் இருக்கும், நெறைய பேரு அதத்தான் கேக்கறாங்க, ஆனா இத தைச்ச பொம்பள அன்னைக்கு கடையில போயி பாத்து புடிச்சுப்போயி வாங்குனது பச்சைத் துணி.

இன்னொரு சதுரம், பிரவுன் பூ போட்டது. கிட்ட வச்சுப் பாத்தா பூ இருந்த எடத்துல மட்டும் ஓட்டை, சுத்தி இருக்கற ரோஸ் துணி நல்லா கெட்டியா இருக்கு. பூச்சி அரிச்சது இல்ல இது. மேடர் வேர் சாயத்துல முக்கறதுக்கு முன்னாடியே துணியில படிகாரம் வச்சு அச்சடிச்சா செவப்பு வரும், இரும்பு வச்சா ஊதாவுல இருந்து கருப்பு வரைக்கும் போகும், ரெண்டையும் கலந்தா பிரவுன், எல்லாமே ஒரே தொட்டியில முக்கி எடுக்கறதுதான். அந்த இரும்பு வருஷக்கணக்குல நூல அரிச்சுத் தின்னுரும். அதனால பிரவுன் மட்டும் பூ வடிவத்துலயே உதிர்ந்து போச்சு. நம்ம சோழமண்டலக் கரையில சாயவேர் வச்சு செவப்பு போட்டதும் இதே வித்தைதான், ரெண்டு வேர்லயும் செவப்பு குடுக்கற சத்து அலிசரின். 1868ல ஜெர்மனில அத ஆய்வகத்துலயே செய்யக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் வேருக்கு வேலை போச்சு.

மறுநாள் மாசசூசெட்ஸ்ல லோவல் போனோம், அங்க நியூ இங்கிலாண்ட் க்வில்ட் மியூசியமும் இருக்கு, பூட் மில்லுல பழைய தறிங்கள இன்னும் ஓட்டிக் காட்டறாங்க, சத்தத்துல காது அடைச்சுருச்சு. இந்த ஊரு மெரிமாக் கம்பெனி மாதிரி மில்லுங்கதான் செம்பு ரோலர்ல கோடிக்கணக்கான கஜம் காலிகோங்கற பருத்தித் துணிய அச்சடிச்சுத் தள்ளுனது. அந்தப் பஞ்சுல பெரும்பங்கு தெற்குல அடிமைங்க பறிச்சதுன்னு மில்லுக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க, அதப் படிச்சுட்டு வெளிய வந்து ரொம்ப நேரம் நானும் தம்பியும் பேசிக்கவே இல்ல.

36 டாலர் குடுத்து அந்த பன்னெண்டையும் வாங்கிட்டு வந்துட்டேன். இப்போ ஈரோட்டுல என் மேஜை மேல இருக்கு. ஒவ்வொரு சதுரமும் ரெண்டு இஞ்ச்தான், எந்த சதுரத்துலயும் முழு டிசைன் இல்ல, வெட்டுன எடத்துல பாதிப் பூவோ முக்கா காம்போதான் இருக்கும். ஆனா ஒரே துணிய அவங்க பல பிளாக்குல போட்டிருக்காங்க. அந்தப் பச்சைத் துணி மட்டும் ஏழு எடத்துல வருது, ஏழும் வேற வேற எடத்துல வெட்டுனது. ஒவ்வொண்ணையும் ட்ரேசிங் பேப்பர்ல எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு நகத்தி நகத்தி வச்சா ரிப்பீட், அதாவது துணி முழுக்க திரும்பத் திரும்ப வர்ற அந்த ஒரு முழு டிசைன், தன்னால கூடி வருது, கொடி வளையுது, மொட்டு வந்து பூவோட சேருது. கருப்பு அவுட்லைன் பச்சைய விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கு எல்லாத்துலயும், அந்த ரோலர்லயே அப்படித்தான் போல. எங்க கம்பெனி மாஸ்டர் அத சரி பண்ணிரலாம்னாரு, வேண்டாங்க, அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

ரிப்பீட் கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு. கொடியோட எடது பக்கம் ஒரே ஒரு இலை மட்டும் ஏழு துண்டுலயும் இல்ல, காம்பு மட்டும் வந்து வெட்டுல நின்னுருது. மடிப்ப எல்லாம் விரிச்சுப் பாத்துட்டேன். அத நானே வரைஞ்சாதான் உண்டு, நாலு நாளா பென்சில எடுத்து எடுத்து வச்சிட்டு இருக்கேன்.