ஆடுகளத்தில் பெண்மயில்

எங்கள் ஊருக்கு மேற்கே, அம்பாசமுத்திரம் சாலையிலிருந்து சற்று விலகி, ஒரு சிறு பொத்தை, அதாவது பாறைக்குன்று, இருக்கிறது. அதன் அடியில், உடைமரங்களுக்கும் பனை வடலிகளுக்கும் நடுவே வெறுந்தரையாகக் கிடக்கும் நான்கு திட்டுகளில், சித்திரைப் பிற்பாதி தொடங்கிச் சாரல் விழும் ஆனி வரை, நான்கு ஆண்மயில்கள் காலையும் மாலையும் தோகை விரித்து நிற்பதை இந்த ஆண்டு பம்புசெட் அறையின் நிழலில் அமர்ந்து தொடர்ந்து பார்த்தேன். மயில் மழைக்கு ஆடுகிறது என்று ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மழையும் மயிலின் இணைசேரும் காலமும் ஒட்டி வருவதால் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆட்டம் மேகத்துக்காக அன்று. தரையைக் கொத்திக்கொண்டு போகும் பழுப்புநிறப் பெண்மயிலுக்காக.

ஆண்பறவைகள் ஓரிடத்தில் அருகருகே களம் பிடித்து ஆட, பெண்பறவைகள் வந்து பார்த்துத் துணையைத் தேர்ந்துகொண்டு போகும் இம்முறையைப் பறவையியலில் ‘லெக்’ என்கிறார்கள். விளையாட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல் அது. தமிழில் ஆடுகளம் என்றாலே போதும். குளிர்காலத்தில் நம் பக்கத்துக் குளங்களுக்கு வலசை வரும் பேதை உள்ளானும் வடக்கே தன் தாய்நிலத்தில் இப்படித்தான் கூடுகிறது. இணைசேர்ந்த பிறகு ஆண்மயிலால் எந்த உதவியும் இல்லை. பெண்தான் தரையில் பள்ளம் பறித்து, நான்கு முதல் ஆறு முட்டை வரை இட்டு, ஏறக்குறைய 28 நாள் அடைகாத்து, குஞ்சுகளைத் தனியே வளர்க்கிறது. இரையோ காவலோ கிடைக்காத அந்தத் திட்டுக்கு வந்து, அது எதைப் பார்த்து ஓர் ஆணை ஏற்கிறது?

மயில்பீலியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று 1860இல் நண்பருக்கு எழுதிய டார்வின், பெண்ணின் விருப்பமே தலைமுறை தலைமுறையாக அந்தத் தோகையை வளர்த்தது என்று 1871இல் விளக்கினார். நம் பழைய இலக்கணம், சிறகுடையவற்றின் ஆணுக்குச் சேவல் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, தோகை மயிலை மட்டும் விலக்கி வைத்தது இங்கே நினைவுக்கு வருகிறது. அதன் சாயல் பெண்மைக்குரியது என்பது உரைகாரர் சொன்ன காரணம். அலங்காரம் ஆணிடம் இருப்பது, தேர்வு பெண்ணிடம் இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வைகாசியில் ஒரு காலை, வடலிக்குள்ளிருந்து ஒரு பெண்மயில் வெளிப்பட்டு முதல் திட்டை நெருங்கியது. ஆண் அதற்கு முதுகைக் காட்டி நின்றபடி, துருநிற இறக்கைகளை நடுங்கவிட்டது. பெண் பக்கத்தில் வந்ததும் சட்டென்று திரும்பி, தோகை முழுவதையும் அதன்முன் கவித்து அதிர்த்தபோது, காய்ந்த பனையோலை காற்றில் உரசுவது போன்ற சலசலப்பு நான் இருந்த இடம்வரை கேட்டது. நொடிக்கு 25 முறை அளவில் நிகழும் அதிர்வு அது. பீலிக் கண்களின் இழைகள் மட்டும் நுண்ணிய கொக்கிகளால் நெருங்கப் பிணைந்திருப்பதால், சுற்றிலும் பச்சை மினுமினுக்க, கண்கள் அசையாமல் மிதப்பதுபோல் தெரிகின்றன. அந்தப் பெண்ணோ குனிந்து எதையோ கொத்திவிட்டு அடுத்த திட்டுக்கு நடந்தது. அதை அலட்சியம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்து, நான்காவதன் விளிம்புவரை போய், மறுபடி மூன்றாவதிடம் திரும்பி வந்து அது தரையோடு தாழ்ந்து அமர்ந்தபோதுதான், முன்பு நடந்ததெல்லாம் பரிசோதனை என்று புரிந்தது.

இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் மேரியன் பெட்ரி குழுவினர் கண்டதும் இதற்கு நெருக்கமானது. 1991இல் வெளியான அந்த ஆய்வில், பெண்மயில்கள் முதலில் ஆடிக்காட்டிய ஆணை ஏற்கவில்லை. இணைசேர்தலில் முடிந்த 11 சந்திப்புகளில் 10இல், பார்த்தவற்றுள் அதிகக் கண்கள் உடைய தோகையையே தேர்ந்தன. ஆனால் ஜப்பானில் ஏழாண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வு அந்தத் தொடர்பைக் காணவில்லை. ஆய்வாளர்கள் ராஸ்லின் டேக்கினும் ராபர்ட் மான்ட்கோமரியும் 2011இல் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது: இயல்பாக இருக்கும் சிறு வேறுபாடுகள் பெண்ணின் முடிவை மாற்றுவதில்லை, கண்கள் வெகுவாகக் குறைந்த ஆண்தான் ஒதுக்கப்படுகிறது. 2013இல் பெண்மயிலின் தலையில் சிறு கருவி பொருத்தி அதன் பார்வையைத் தொடர்ந்தபோது, அது தோகையின் கீழ்ப்பகுதியையே அதிகம் கவனித்தது தெரிந்தது. வானளாவ விரிந்த உச்சியைப் பார்த்து வாய்பிளப்பவர்கள் நாம்தான்.

ஆடி நடுவில் கார் வயலின் வரப்பில் ஒரு பெண்மயில் நான்கு குஞ்சுகளோடு போனது. சற்று நின்று, தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் அளந்துவிட்டு, குஞ்சுகளை முன்னே விட்டு நெற்பயிருக்குள் இறங்கியது. பொத்தையடியில் அப்போது தோகை விரிக்க எந்த ஆணும் இல்லை.