காயமில்லாமல் இறந்த புள்ளிமான்

சென்ற கோடையில் வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் தண்ணீர் தேடிக் காட்டைவிட்டு இறங்கிய ஒரு புள்ளிமானை நாய்கள் துரத்தின. காப்பாற்ற ஓடிய நாங்களும் சுற்றி நின்று கூச்சலிட்டோம், சிலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். வாய் பிளந்து, நாக்கு வெளியே தொங்க, விலா படபடவென்று அடித்துக்கொள்ள அது மாமரத்தடியில் கிடந்தது. உடம்பில் ஒரு கடிகூட இல்லை. ஆனாலும் மறுநாள் இறந்துவிட்டது.

உயிர்ப்பயத்தில் ஓடும் மானின் தசைகள் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும் என்பதையும், சில நாள் கழித்துக்கூட மரணம் வரலாம் என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன். துரத்தவே வேண்டாம், அன்றாடத் தொந்தரவு ஓயாமல் தொடர்ந்தாலே கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனின் சுரப்பு தணியாமல் நீடித்து, நோய் எதிர்ப்பாற்றலும் இனப்பெருக்கமும் குன்றக்கூடும். ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்னும் உயிரியல் ஆய்வு மையத்தினர் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா, பாந்தவ்கர் காப்பகப் புலிகளின் மலத்தைச் சோதித்து, சுற்றுலாக் காலத்தில் அழுத்த ஹார்மோன் கூடுவதை 2019இல் வெளியிட்டார்கள்.

இந்தக் கோடையிலும் ஜவ்வாது மலையடிவாரத்தில் மான்கள் இறங்கும். கண்டால் நாய்களைக் கட்டுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், வனத்துறையினர் வரும்வரை தள்ளி நில்லுங்கள் என்று உறவினர்களையும் நண்பர்களையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.