மஞ்சள் ஓட்டை

நங்கநல்லூரில் மாடி போர்ஷனுக்குக் குடிவந்தபோதே ஹவுஸ் ஓனர் மாமா சொல்லிவிட்டார். "நெட்டுக்குத் தனியா கனெக்‌ஷன் எதுக்கு தம்பி? கீழ இருக்கறதே 100 எம்பிபிஎஸ். நானும் மாமியும் எவ்வளவு பார்த்துடப் போறோம்? மாசம் 300 ரூபா குடுங்க, போதும்."

நல்ல மனுஷர். ஆனால் சிக்னல் காங்க்ரீட் தளத்தைத் தாண்டி மேலே ஏற வேண்டுமே. சமையலறை ஜன்னலில் போனை வைத்தால் இரண்டு கோடு, படுக்கையறையில் வெறும் ஆச்சரியக்குறி. அதனால் சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கினேன். மாமாவின் ரூட்டரிலிருந்து ஜன்னல் வழியாக 20 மீட்டர் கேபிளை, துணிக்கொடி மேல் சுற்றி, மாடிக்குக் கொண்டுவந்தாயிற்று.

ரூட்டரின் பின்பக்கம் மஞ்சளாக நான்கு ஓட்டை, நீலமாக ஒன்று. நீலம் சுவரோரம் இருந்தது, மஞ்சள் கைக்கு எட்டியது. ஓட்டை ஓட்டைதானே என்று சொருகினேன். விளக்கு எரிந்தது, போனில் நெட் வந்தது. இதற்குப் போய் ஆள் வைக்கிறார்களே என்று ஒரு காபி போட்டுக்கொண்டேன்.

வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாம் என்று பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த 192.168.0.1 என்ற முகவரியைத் தட்டினேன். திறக்கவில்லை. பழைய வீட்டு ஞாபகத்தில் 192.168.1.1 போட்டேன். வேறு நிறத்தில் ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்ட் கேட்டது. என்னுடையதைப் போட்டேன், தப்பு என்றது. மூன்று தடவை தப்பு என்றுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வா என்று கதவைச் சாத்திக்கொண்டது. சேஃப்டி பின்னை வைத்து என் ரூட்டரின் ரீசெட் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தினேன். அப்புறம் 0.1 திறந்தது, ஆனால் நெட் போயிற்று. வைஃபையை அணைத்துப் போட்டால் நெட் வந்தது, பக்கம் போயிற்று. இது இருந்தால் அது இல்லை, அது இருந்தால் இது இல்லை.

சாயங்காலம் கீழேயிருந்து குரல். "தம்பி, உங்களுக்கு நெட் வரதா? மாமிக்கு டிவில உபன்யாசம் வரமாட்டேங்கறது."

"எனக்கும் விட்டு விட்டுத்தான் மாமா வருது." பொய்யில்லை.

மறுநாள் நெட் கம்பெனி ஆள் வந்தார். தன் போனில் பார்த்தார், வந்தது. டிவியில்தான் கோளாறு என்று போய்விட்டார். டிவிக்காரருக்கு போன் போட்டால் நெட்டில்தான் கோளாறு என்றார். மாமா நொந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "இவங்க எல்லாருமே இப்படித்தான் மாமா" என்று ஆறுதல் சொன்னேன். எங்களுக்குள் அப்படி ஒரு நெருக்கம் அதற்கு முன் இருந்ததில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி, போனில் வைஃபை விவரத்தைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்வே, அதாவது நெட்டுக்குப் போகும் வாசல், 192.168.1.1. அணைத்துப் போட்டேன். கேட்வே 192.168.0.1. வயிற்றைக் கலக்கியது.

வெளியிலிருந்து வரும் கேபிள் நீலத்தில் போக வேண்டும். மஞ்சளில் போட்டால் மாடி ரூட்டரும் கீழ் ரூட்டரும் ஒரே வீட்டுக்குள் இரண்டு நாட்டாமை. புதிதாக வரும் போன், டிவி எதுவானாலும் 'எனக்கு ஒரு எண் கொடு' என்று கேட்கும். எந்த நாட்டாமை முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. மாமாவுடையது முந்தினால் நெட் வரும். என்னுடையது முந்தினால், வெளியே போக வழி நான்தான் என்று சொல்லும். நீல ஓட்டை காலியாகக் கிடக்க, அதற்கே வழி கிடையாது. மாமியின் டிவி இதனிடம்தான் வழி கேட்டிருக்கிறது. மூன்று தடவை நான் பாஸ்வேர்ட் தட்டிப் பார்த்ததும் மாமாவின் ரூட்டரில்.

சத்தமில்லாமல் கேபிளை நீலத்துக்கு மாற்றினேன். 0.1 உடனே திறந்தது, நெட்டும் கூடவே வந்தது. டிவி மட்டும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் கீழே போய், "ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பாக்கலாமா மாமா?" என்றேன். போட்டதும் உபன்யாசம், விட்ட இடத்திலிருந்து.

"ரெண்டு நாளா அத்தனை பேர் வந்தா, போனா. கடைசில நம்மாத்துப் பிள்ளைதான் சரி பண்ணினான்!" மாமி அன்றைக்கு அடையும் அவியலும் கொடுத்தனுப்பினார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அடை சூடாக இருந்தது.

போன வாரம் மாமா எதிர்வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். அவர் வீட்டிலும் டிவி மட்டும் நெட் பிடிக்கவில்லையாம், கம்பெனி ஆளுக்கே புரியவில்லையாம், தம்பி பார்த்தால் சரியாகிவிடுமாம். செருப்பை மாட்டிக்கொண்டே எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"மாமா, உங்க மாடிக்குப் புதுசா யாராவது குடிவந்திருக்காங்களா?"