பேர் தெரியாத எல் சட்டைக்காரன்: பழைய காலேஜ் ஃபுட்பால் போட்டோ கலெக்‌ஷன் இப்போ எங்க நிக்குது

என் ஆல்பத்துல இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல யாருன்னே தெரியாது, தெரிஞ்சேதான் அப்படி வாங்கறேன். 1880, 90-கள்ல அமெரிக்க காலேஜ்ல ஃபுட்பால் ஆடின பசங்க (காலால உதைக்கற ஃபுட்பால் இல்ல, பந்தை அணைச்சுக்கிட்டு முட்டி மோதி ஓடுவாங்களே அது) ஸ்டுடியோவுக்குப் போய் டிரெஸ்ஸோட எடுத்துக்கிட்ட போட்டோ இதெல்லாம். இந்தப் பக்கம் வர்றவங்க முதல்ல யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன்னு தான் ஓடுவாங்க. யேல்ல ஆடின பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர், 1892ல ஒரே ஒரு மேட்சுக்கு 500 டாலர் வாங்கினவரு, அவர் மூஞ்சி இருக்கற கார்டுன்னா நம்ம சம்பளத்துக்கு எட்டிக்கூட பாக்க முடியாது. 1894ல மேயோன்னு ஒரு புகையிலைக் கம்பெனி இந்த மூணு காலேஜ் பசங்கள வெச்சு 35 கார்டு போட்டுச்சு, அதுல ஹார்வர்ட் ஜான் டன்லப் கார்டுல மட்டும் பேர் அச்சடிக்காம விட்டுட்டாங்க, இன்னைக்கு அந்த செட்லயே கிராக்கி அதுக்குத்தான். எனக்கு மாட்டற பேர் இல்லாத பசங்கள மட்டும் யாரும் சீண்டறதில்ல. நல்லதாப் போச்சு.

இப்போ மண்டைய குடையறது ஒரு கேபினெட் கார்டு. நியூ ஜெர்சி லாம்பர்ட்வில் சந்தையில, கல்யாண ஜோடி, கைக்குழந்தை, தாடிக்காரப் பாதிரியார் எல்லாம் கலந்து கட்டி வெச்சிருந்த டப்பாவுல கிடைச்சுது. கேபினெட் கார்டுன்னா தடி அட்டையில ஒட்டின போட்டோ, நாலேகால் இன்ச் அகலம், ஆறரை இன்ச் உயரம், கீழப் பட்டையில ஸ்டுடியோ பேரும் ஊரும் இருக்கும். இதுல அந்தப் பட்டையையே யாரோ ஃப்ரேமுக்குள்ள அடக்கறதுக்காக கத்தரிச்சுட்டாங்க. பின்னாடி பழைய வியாபாரி எவனோ பென்சில்ல கிறுக்கின விலை, அவ்ளோதான்.

பையன் முன்பக்கம் கயிறு வெச்சு இறுக்கிக் கட்டற கேன்வாஸ் சட்டை போட்டிருக்கான் (எதிராளி பிடிச்சு இழுக்க வராதபடி இறுக்கமா இருக்கணும்), அதுக்குள்ள கழுத்து மூடின ஸ்வெட்டர், பஞ்சு வெச்சுத் தெச்ச கால்சட்டை, பந்து பாத்தா முலாம்பழம் சைஸ். ஹெல்மெட் கிடையாது, அந்தக் காலத்துல தலைக்குப் பாதுகாப்புன்னு முடியத்தான் வளர்த்துக்கிட்டாங்க, இவனுக்கும் நடு வகிடு எடுத்து காது வரைக்கும் தொங்குது. கழுத்துல ரப்பர் மூக்கு கவசம் ஒண்ணு மாட்டி இருக்கான். அது நெத்தியில பட்டை போட்டு, கீழ் முனைய பல்லால கடிச்சுக்கிட்டே ஆடறது, பாஸ்டன்ல மொரில்னு ஒருத்தர் வித்தது, 1890களோட ஆரம்பத்துல வந்துச்சு. அதனால போட்டோ அதுக்கு அப்புறம் தான். பூதக்கண்ணாடியில பாத்தப்போ மூக்குத்தண்டுல மட்டும் பொடிப்பொடியா வெளிர்க் கோடு தெரிஞ்சுது, ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ் மேல பென்சில் வெச்சு தழும்ப மறைச்சிருக்கார். தழும்பு போயிருச்சு, மூக்கு இன்னும் இடது பக்கமா வளைஞ்சுதான் இருக்கு. கவசம் எத்தனை நாள் லேட்டா வாங்கினானோ.

போலியான்னு பாக்கறது ரொம்ப நேரம் ஆகல. பூதக்கண்ணாடியில புள்ளிப் புள்ளியா தெரிஞ்சா அது அச்சு, இதுல புள்ளி இல்ல. இருட்டு ரூம்ல யூவி லைட் அடிச்சேன், வெள்ளையா பளபளக்கல, புதுக் காகிதமா இருந்தா பெரும்பாலும் மின்னும். கருப்பான இடத்துல சாய்ச்சுப் பாத்தா வெள்ளி பூத்த மாதிரி ஒரு மினுக்கு, முட்டை வெள்ளைக்கரு பூசின பழைய ஆல்புமென் பிரிண்ட்ல தெரியற காகித நாரும் கண்ணுக்குப் படல, அதனால ஜெலட்டின் பிரிண்ட், 90கள் கணக்குக்கு சரியா வருது.

சட்டை நடுவுல "எல்" எழுத்து. பென்சில்வேனியாவுல எல்லுக்கு ரெண்டு பங்காளி, ஈஸ்டன்ல லாஃபயட், பெத்லஹேம்ல லீஹை, ரெண்டு ஊருக்கும் நடுவுல இருபது மைல் கூட இல்ல. 1884ல ஆரம்பிச்ச சண்டை, அமெரிக்காவுல இவ்ளோ தடவை மோதிக்கிட்ட காலேஜ் ஜோடி வேற கிடையாது. 1896 மட்டும் ஆடல, லாஃபயட்டோட ஜார்ஜ் பார்க்லே காசு வாங்கிட்டு பேஸ்பால் ஆடினவன், அவன எறக்கக்கூடாதுன்னு லீஹை முறுக்கிக்கிச்சு. அதே வருஷம் லாஃபயட், பெரிய டீமான பென்சில்வேனியா யுனிவர்சிட்டிய (சுருக்கமா பென்) 6–4ல சாச்சுது. காது நசுங்கி வீங்காம இருக்க தோல் பட்டையில தலைக் கவசம் மாதிரி முதல்ல செஞ்சு மாட்டினதும் இந்த பார்க்லேதான்னு சொல்லுவாங்க.

கலர வெச்சு பிரிக்கலாமேன்னு தோணும். லாஃபயட் மெரூன், லீஹை பிரவுன். ஆனா அந்தக் கால கேமராவுல போடற கண்ணாடி பிளேட்டுக்கு சிவப்பே உறைக்காது, மெரூனும் கருப்பா விழும் பிரவுனும் கருப்பா விழும், ரெண்டும் ஒரே இருட்டு. அதனால பையன விட்டுட்டு அவனுக்குப் பின்னாடி இருக்கற திரைய பாக்க ஆரம்பிச்சேன். ஸ்டுடியோக்காரங்க வரைஞ்ச திரைய வருஷக்கணக்கா மாத்த மாட்டாங்க. இதுல ஒரு கல் கைப்பிடிச் சுவர், மேல பூந்தொட்டி, தொட்டிக்குக் கீழ திரை மடிஞ்ச ஒரு சுருக்கம். ராத்திரி சாப்பிட்டதும் உக்காந்து ஈஸ்டன், பெத்லஹேம் ஸ்டுடியோ கார்டு விக்கறவங்க போட்ட படமா தள்ளிக்கிட்டே இருந்தேன், வீட்ல என்னமோ ஷேர் மார்க்கெட் பாக்கறேன்னு நெனச்சிருக்காங்க. கடைசில ஒரு மீசைக்காரர் படம் மாட்டுச்சு, அதே தொட்டி, அதே சுருக்கம், கீழ ஈஸ்டன். பெத்லஹேம் பையன் ரயிலேறி வந்து ஈஸ்டன்ல படம் எடுத்திருக்கலாம், ஆனா எதிரி ஊர்ல போய் எல் சட்டையோட நிப்பானா? எனக்கு நம்பிக்கை இல்ல. லாஃபயட்னே வெச்சுக்கறேன்.

அடுத்து இயர்புக். லாஃபயட் இயர்புக் பேரு மெலாஞ்ச், 90கள் டீம் குரூப் போட்டோ பாத்தேன், எல்லாம் அச்சுப் படம், பெரிசு பண்ணினா மூஞ்சி புள்ளியா கரைஞ்சு போயிடுது. முடியும் மீசையும் வருஷத்துக்கு வருஷம் மாறும், காது மாறாது, அதனால காதுதான் பாக்கணும். அந்த முடி தொங்கறதால ஒரு காதோட கீழ்ப்பாதி மட்டும் கிடைக்குது, மடல் கன்னத்தோட ஒட்டி இருக்கு. அத வெச்சு ரெண்டு பேர் வரைக்கும் வந்திருக்கேன், ஒருத்தன் முன்வரிசையில எதிராளிய முட்டித் தடுக்கற கார்டு (guard, அட்டை இல்ல), இன்னொருத்தன் பின்னால இருந்து பந்தோட ஓடற ஹாஃப்பேக். உடம்பு வாகு பாத்தா ஹாஃப்பேக்னு தோணுது, கார்டு ஆடறவன் இதவிட கட்டையா இருப்பான். நல்ல ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி காலேஜ் லைப்ரரி ஆவணப் பிரிவுக்கு அனுப்பிருக்கேன், அங்க ஒரிஜினல் பிரிண்ட் இருந்தா முடிஞ்சுது வேலை.

கார்டு இப்போ பாலியெஸ்டர் கவர்ல, படுக்க வெச்ச பெட்டியில இருக்கு. பிவிசி கவர் போடாதீங்க, நாளாக ஆக அதுல இருந்து வர்ற கசிவு படத்த கெடுத்துடும். கத்தரிச்ச அடிப்பக்கத்துல அட்டை லேசா பிரியுது, அதுல நான் கை வெக்கறதா இல்ல.

நடுவுல ஒரு ரியல் போட்டோ போஸ்ட்கார்டுக்கும் (போட்டோ பேப்பர்லயே நேரா பிரிண்ட் போட்ட போஸ்ட்கார்டு) பேரம் ஓடுது. ஒரு டீம் மொத்தமும், நடுவுல இருக்கறவன் மடியில பந்து, பந்து மேல வெள்ளை பெயின்ட்ல 09. பின்னாடி ஸ்டாம்ப் ஒட்டற கட்டத்துல ஏஸோன்னு போட்டு நாலு முக்கோணமும் மேல பாத்திருக்கு, அது 1904ல இருந்து 1918 வரைக்கும் வந்த பேப்பர், 09க்கு ஒத்துப்போகுது. விக்கறவர் கார்லைல்னு (பூர்வகுடிப் பசங்க படிச்ச ஸ்கூல், அந்தக் காலத்துல பேர் போன டீம்) சொல்லி விலைய ஏத்தறார், சட்டையில இருக்கற சி எழுத்த தவிர அதுக்கு ஒரு ஆதாரமும் அவர்கிட்ட இல்ல. சி எழுத்துல எத்தனை ஸ்கூல் இருக்கு. பாதி விலைக்கு வந்தா எடுப்பேன்.