பத்தொன்பது எழுத்து

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா மகன் ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூரு கன்டோன்மென்ட்டில் வந்து இறங்கினான். தோளில் புதுப் பை, பிளாஸ்டிக் கவரில் ஆஃபர் லெட்டர். "இன்னிக்கே ஜாயினிங் மாமா." அல்சூரில் எங்கள் வீட்டில் வைத்த இட்லியைக்கூட முழுசாகச் சாப்பிடவில்லை. மான்யதா டெக் பார்க்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அப்படி ஒரு கம்பெனியே உள்ளே இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்: "பையன்கிட்ட எவ்ளோ வாங்கினாங்க?"

6,800 ரூபாய். லேப்டாப் டெபாசிட்டாம், முதல் மாசச் சம்பளத்தோடு திரும்பி வருமாம். அக்கா கம்மலை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

வீட்டுக்கு வந்து அந்த லெட்டரை வரி வரியாகப் பார்த்தேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் பளபளவென்று இருந்தன. மெயில் ஐடி மட்டும் ஜிமெயில். அடியில் சிஐஎன் நம்பர், அதாவது கம்பெனியின் பதிவு எண், போட்டிருந்தார்கள். ஆடிட்டர் ஆபீஸில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், அந்த நம்பர் எனக்குப் பழக்கம். மொத்தம் 21 எழுத்து. முதலில் எல் அல்லது யூ, அப்புறம் தொழிலுக்கு ஐந்து இலக்கம், மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, அதை அடுத்து கம்பெனி பதிவான வருஷம். இதில் எண்ணினால் பத்தொன்பதுதான் இருந்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன், இல்லை. காசு செலவில்லாத தேடல் அது, ஐந்து நிமிஷம் போதும்.

இன்டர்வியூ நடந்தது வாட்ஸ்அப் சாட்டில். ஒரு மணி நேரத்தில் செலக்டட். பணம் அனுப்பும்போது பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் பெயர் வருமே, அதில் கம்பெனி பெயர் இல்லை, யாரோ தனி ஆள் பெயர். இவன் அதைக் கவனித்திருக்கிறான். "ஏன்டா கேக்கல?" என்றேன். "கேட்டா வேலைய வேற யாருக்காவது குடுத்துருவாங்களோன்னு பயந்துட்டேன் மாமா."

அந்தப் பதில் இன்னும் என் மனசை அறுக்கிறது. வேலை தேடி வரும் பிள்ளைகளிடம் பணிவாக இரு என்று சொல்லி அனுப்புகிறோம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்றும் நாம்தானே சொல்லியிருக்க வேண்டும்?

அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்தோம். பரிவர்த்தனையின் 12 இலக்க நம்பரைக் கேட்டுப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். பணம் கட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்கப் பார்ப்பார்கள், எங்களுக்கு அது தப்பிவிட்டது. மறுநாளே 'வெரிஃபிகேஷன் கட்டணம்' என்று இன்னும் 14,500 கேட்டு மெசேஜ் வந்தது. அதை அழிக்காமல் புகாரோடு சேர்க்கச் சொன்னேன்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். அழுதாள், பிறகு "அவனைத் திட்டாதேடா" என்றாள். கம்மல் இன்னும் திருப்பத்தூர் அடகுக் கடையில்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் மீட்டுக் கொடுத்துவிடுவேன்.