ரொக் மெஷின்: ஓகஸ்ட் குறிப்புகள்

ஓகஸ்ட் 3

வேலையிடத்தில் ஒரு பெரியவர், மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவர், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெரிய மோட்டார் சைக்கிள் கும்பலை எதிர்த்து நின்ற ரொக் மெஷின் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பெருமை தெரிந்தது. பெரியவனுக்கு அடங்காத பெடியள் என்ற மாதிரி. எனக்கு அது பொறுக்கவில்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1985 மார்ச் 24. லெனொக்ஸ்வில் என்ற ஊரிலுள்ள தங்கள் கிளப் வீட்டுக்கு, தங்கள் கூட்டத்தின் லாவல் கிளை ஆட்களையே கூப்பிட்டு, ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ். உடல்களைப் படுக்கைப் பைகளில் கட்டி, பாரம் சேர்த்து, சென் லோரன்ஸ் ஆற்றில் இறக்கினார்கள். விற்க வேண்டிய கொக்கெயினைத் தாங்களே இழுத்தார்கள், காசிலும் கை வைத்தார்கள் என்பதுதான் அந்த ஐந்து பேர் மேல் இருந்த புகார்.

மொன்றியல் மோட்டார் சைக்கிள் கும்பல்காரரான சல்வத்தோரே கசெட்டாவுக்கு இது பிடிக்கவில்லை. சகோதரன் என்று கூப்பிட்டவனையே கொல்கிற கூட்டத்தில் சேர மனமில்லாமல், 1986 இல் தம்பி ஜொவானியோடு ரொக் மெஷினைத் தொடங்கினார். முதுகில் சின்னம் போட்ட தோல் அங்கி வேண்டாம், பொலிஸ் கண்ணில் படும் என்று கழுகுத்தலை மோதிரம் போட்டுக்கொண்டார்கள். அவரோடு முன்பு ஒரே கூட்டத்தில் திரிந்த மொரிஸ் பூஷே ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனார்.

ஓகஸ்ட் 5

கதை இங்கேயே முடிந்திருந்தால் அந்தப் பெரியவரின் பெருமையில் ஓரளவு நியாயம் இருக்கும். ஆனால் ரொக் மெஷினும் கொக்கெயின் விற்றுத்தான் வளர்ந்தது. 1994 இல் கசெட்டா பிடிபட்டதே, தொன் கணக்கில் கொக்கெயின் கொண்டுவரத் திட்டமிட்ட வழக்கில். மொன்றியலின் மதுக்கடைகளிலும் தெருக்களிலும் தங்கள் சரக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்றார் பூஷே. தனியாக விற்றுக்கொண்டிருந்தவர்கள் ரொக் மெஷின் பக்கம் சேர்ந்தார்கள். அந்த ஜூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்காரர் தன் கடைக்குள்ளேயே சுடப்பட்டார். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்கு வேண்டியவர். போர் அதோடு தொடங்கியது. எட்டு வருடம்.

இவர்கள் காத்தது தங்கள் வியாபாரத்தை. அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க நான் தயாரில்லை.

ஓகஸ்ட் 9

இன்று ஹொஷெலாகா பக்கம் போய் அடாம் தெருவில் நடந்தேன். 1995 இல் இதே திகதியில், அங்கே ஒரு ஜீப்பில் வைத்த குண்டு வெடித்தது. ஜீப்பில் இருந்த போதைப்பொருள் வியாபாரி செத்தார். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த டானியல் டெரோஷேயின் தலையில் ஒரு உலோகத் துண்டு பாய்ந்தது. 11 வயது. நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தான். அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வேறொன்றும் எழுத வரவில்லை.

ஓகஸ்ட் 10

அதுவரை ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது: ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு சாகட்டுமே! டானியல் இறந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அந்த வருடமே கார்கஜூ என்ற கூட்டுப் பொலிஸ் பிரிவு அமைந்தது. அவனுடைய தாய் சட்டம் கேட்டுப் போராடினார். 1997 இல் மத்திய அரசு குற்றக் கும்பல்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது.

அதே வருடம் பூஷேயின் ஆட்கள் இரண்டு சிறைக் காவலர்களைக் கொன்றார்கள். காவலரைக் கொன்றவனோடு அரசு பேரம் பேசாது, அதனால் அவன் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது கணக்கு. கணக்குப் பிழைத்தது, சுட்டவர்களில் ஒருவரே சாட்சி சொன்னார். ஆனாலும் அந்தக் கொலைகளை ஏவினார் என்ற வழக்கில் 1998 இல் பூஷே விடுதலையானார். அன்று இரவே குத்துச்சண்டை பார்க்கப் போனார், அரங்கில் அவருக்குக் கைதட்டல். இதைப் படித்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். கைதட்டியவர்கள் இந்த ஊர்ச் சனம்தானே.

2000 செப்டெம்பரில், இந்தக் கும்பல்களைப் பற்றி எழுதிவந்த செய்தியாளர் மிஷெல் ஒஜே, தான் வேலை செய்த பத்திரிகையின் கார் தரிப்பிடத்தில் முதுகில் சுடப்பட்டார். பிழைத்து, திரும்ப எழுதவும் வந்தார். அடுத்த மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூஷேயை மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2001 மார்ச் 28 இல் ஒரே நாளில் சுமார் 2,000 பொலிஸார் இறங்கி ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அந்த வழக்குகளுக்கென்றே புதிதாக ஒரு நீதிமன்றம் கட்ட வேண்டியிருந்தது. 2002 மே மாதம் பூஷேக்கு ஆயுள் தண்டனை.

ஓகஸ்ட் 16

சரி, ரொக் மெஷினுக்கு என்ன ஆனது? தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாமல் 2000 டிசெம்பரில், டெக்சாஸில் தொடங்கிய பண்டிடோஸ் என்ற கூட்டத்துக்குள் போனார்கள். பேரும் போனது. 2002 இல் கியூபெக் ஆட்களைப் பொலிஸ் வாரிக்கொண்டு போனது. 2006 இல் ஒன்ராறியோவில் ஒரு பண்ணையில் பண்டிடோஸ் ஆட்கள் எட்டுப் பேரைக் கொன்றது அவர்களுடைய சொந்த ஆட்களே. லெனொக்ஸ்வில்லில் நடந்தது திரும்ப நடந்தது, ஐந்துக்குப் பதில் எட்டு.

கசெட்டா 2004 இல் வெளியே வந்தார். அதன் பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ். எதைப் பார்த்து விலகினாரோ, அதே சங்கம். அதற்குள் இரண்டு பக்கமும் சம்பந்தமில்லாதவர்களுமாக 160 பேருக்கு மேல் செத்திருந்தார்கள்.